சமோனி மலை வழிகாட்டிகள்

சமோனி மலை வழிகாட்டிகள் கழகம், பிரான்சின் ஆல்ப்ஸ் பகுதியில், மோன் பிளாங்க் மலையின் அடிவார ஊரான சமோனியில் இயங்கும் தொழில்முறைச் சங்கம். 1821இல் தொடங்கப்பட்ட இது, உலகின் மிகப் பழைய மலை வழிகாட்டிகள் அமைப்பு. கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்வோரை மலையேற்றத்துக்கு அழைத்துச் செல்வதும், பாறையேற்றம், பனியாற்று நடை, கயிற்று நுட்பம் ஆகியவற்றைக் கற்றுத்தருவதும் இதன் பணி.

தோற்றம்

மோன் பிளாங்க் உச்சியை முதலில் அடைவோருக்குப் பரிசு தருவதாக ஜெனீவா அறிவியலாளர் சொசூர் 1760இல் அறிவித்தார். 1786 ஆகஸ்ட் 8 அன்று, படிகக்கல் தேடி மலையில் அலைந்த ஜாக் பல்மாவும் ஊர் மருத்துவர் மிஷேல் பக்கார்டும் உச்சியைத் தொட்டனர். அதன்பின் பயணிகள் பெருகினர். வழிகாட்டுதல் ஊராரின் பிழைப்பாயிற்று.

1820 ஆகஸ்டில், ரஷ்ய அரசுப் பணியிலிருந்த ஹாமெல் என்பவரின் குழு பனிச்சரிவில் சிக்கி மூன்று வழிகாட்டிகள் இறந்தனர். பனிக்குள் புதைந்த உடல்களின் எச்சங்கள், பனியாற்றின் மெதுவான நகர்வோடு கீழிறங்கி, 1861இல் பொசோன் பனியாற்றின் அடிமுனையில் வெளிப்பட்டன. இந்த விபத்தை அடுத்து, மறு ஆண்டே கழகம் உருவானது. விபத்தில் சிக்கும் வழிகாட்டிகளுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் உதவ ஒரு பொது நிதியும் அதனுடன் தொடங்கியது.

முறைவரிசை

தொழிலைப் பங்கிட்டுக்கொள்ளக் கழகம் வகுத்த வழி முறைவரிசை. வரிசையில் அடுத்து நிற்பவர் யாரோ, அவரே அடுத்த பயணியுடன் போவார். பயணி தன் விருப்பப்படி ஆளைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. ஆள் பிடிக்கும் போட்டியும் கட்டணக் குறைப்பும் இதனால் தடுக்கப்பட்டன. ஆனால், திறமைசாலிக்கும் புதியவருக்கும் ஒரே நீதியா என்று ஆங்கில மலையேறிகள் குறைபட்டனர். பின்னர் சில விலக்குகள் அளிக்கப்பட்டன.

மோன் பிளாங்க் ஏறும் ஒவ்வொரு பயணியும் நான்கு வழிகாட்டிகளை அமர்த்த வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. 1851இல் ஆல்பர்ட் ஸ்மித் என்ற ஆங்கில எழுத்தாளரும் மூன்று மாணவர்களும் ஏறியபோது 16 வழிகாட்டிகள் உடன் சென்றனர், சுமைதூக்கிகள் தனி. அவர்கள் கொண்டுபோன உணவுப் பட்டியலில் 46 கோழிகளும் சாதாரண ஒயின் மட்டும் 60 புட்டிகளும் இருந்தன. இத்தகைய செலவை வெறுத்த சில ஆங்கிலேயர் 1855இல் வேறு பக்கமாக, வழிகாட்டியே இல்லாமல் உச்சிக்குச் சென்று காட்டினர்.

தகுதி

நீண்ட காலம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களே உறுப்பினராக முடிந்தது. வெளியூரில் பிறந்து 1930இல் சேர்ந்த முதல் ஆள் ரோஜே பிரிசோன்-ரோஷ். இன்று பிறப்பிடம் பார்ப்பதில்லை; சமோனியிலுள்ள தேசியப் பனிச்சறுக்கு, மலையேற்றப் பள்ளியின் பட்டயமே கணக்கு. அங்கே நுழையவே, தான் ஏறிய மலைகளின் பட்டியலைக் காட்ட வேண்டும். பயிற்சிநிலை வழிகாட்டியாகப் பணியாற்றிய பிறகே முழுத் தகுதி கிடைக்கும். 1983இல் மார்ட்டின் ரோலான் பிரான்சின் முதல் பெண் வழிகாட்டி ஆனார். 1965இல் நான்கு ஆல்ப்ஸ் நாடுகளின் சங்கங்கள் தொடங்கிய சர்வதேசக் கூட்டமைப்பின் சின்னத்தைச் சட்டையில் அணிந்திருப்பவரே முழுத் தகுதி பெற்றவர் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட அடையாளம்.

முன்பதிவு

பதிவு இரு வகை. ஒன்று, அறிவிக்கப்பட்ட நாளில் பிறரோடு சேர்ந்து போகும் குழுப் பயிற்சி. இதில் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம். மற்றொன்று, ஒரு வழிகாட்டியைத் தனக்கென்றே அமர்த்துவது. இதில் கட்டணம் வழிகாட்டியின் ஒரு நாளுக்கு. அவருடைய மலைக்குடில் செலவையும் கம்பிவண்டிக் கட்டணத்தையும் வழக்கமாக வாடிக்கையாளரே ஏற்பார்.

பதிவின்போது முன் அனுபவமும் உடல் தகுதியும் கேட்கப்படும். ஒரு வழிகாட்டி எத்தனை பேரை அழைத்துச் செல்வார் என்பதைப் பாதையின் கடினம் தீர்மானிக்கிறது: மோன் பிளாங்க் பாதையில் ஒரு வழிகாட்டிக்கு இருவர், தாழ்வான பயிற்சிப் பாறையில் அதைவிடக் கூடுதல். 3,835 மீட்டர் உயரத்திலுள்ள கூத்தே குடில் போன்ற, பாதையோரக் குடில் ஒன்றில் படுக்கை இல்லாமல் வழக்கமான பாதையில் மேலே போக முடியாது. அதையும் முன்பே பெயர் சொல்லிப் பதிய வேண்டும். மலையேற்றத்தில் எல்லை தாண்டி இத்தாலி, சுவிட்சர்லாந்து பக்கம் இறங்க நேரலாம்; அங்கே மீட்புப் பணிக்குப் பெருங்கட்டணம் வரக்கூடும் என்பதால் காப்பீடு அவசியம்.

பயிற்சி

ஊரை ஒட்டிய கையாண் பாறை, தொடக்கநிலையினரின் வகுப்பறை. இடுப்புப்பட்டையில் எட்டு வடிவ முடிச்சுப் போடுவதும், இணையரின் முடிச்சைக் கண்ணால் பார்த்துத் தொட்டுச் சோதிப்பதும் முதல் பாடம். கையைவிடக் காலை நம்பி ஏறுவது அடுத்தது. மேர் டி கிளாஸ் பனியாற்றில், முள்பதித்த காலணிப் பட்டைகளை அணிந்து பாதம் முழுவதும் பனியில் படியுமாறு நடக்கவும், பனிக்கோடரியை ஊன்றவும், பிளவில் விழுந்தவரைக் கயிற்றால் மீட்கவும் கற்பர். குறுகிய முகட்டில் வழிகாட்டி கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்து, வாடிக்கையாளரோடு இறுக்கமாக நடப்பார். ஏறும்போது முன்னால் செல்பவர், இறங்கும்போது பின்னால் வருவார். கால் தவறினால் மேலிருந்துதான் இழுத்துப் பிடிக்க முடியும்.

இடரும் மாற்றமும்

பதிவு வாங்கித் தருவது வழிகாட்டியின் நேரத்தையும் முடிவெடுக்கும் திறனையும்தான், உச்சியை அல்ல. வானிலை கெட்டால் இலக்கை மாற்றுவதோ திரும்புவதோ அவர் முடிவு. உறைந்த நீர் பாறைகளைப் பிணைத்து வைத்திருக்கிறது. வெப்பத்தில் அது உருகும்போது கூத்தே குடில் வழியாகச் செல்லும் வழக்கமான பாதையின் செங்குத்தான பள்ளத்தில் கற்கள் உருண்டு விழுகின்றன. 2022 ஜூலையில் இதே காரணத்துக்காகச் சமோனிக் கழகம் அந்தப் பாதையில் மோன் பிளாங்க் பயணங்களை நிறுத்திவைத்தது. இத்தகைய வேளைகளில் இத்தாலியின் கிரான் பாரடிசோ (4,061 மீ) போன்ற மலைகள் மாற்றாக அமைகின்றன.