குருக்கள் இல்லாத முப்பது ஆண்டுகள்

1687ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் கந்தலுடுத்திய இரவலர் ஒருவர் வீடு வீடாகச் சென்று கையேந்தி நின்றார். அவர் கழுத்தில் ஒரு செபமாலை தொங்கியது. பிச்சையிட வந்தவர்களின் கைகளைவிடக் கண்களையே அவர் உற்று நோக்கினார். செபமாலையைக் கண்டதும் எந்தக் கண்கள் மலர்கின்றன, எந்தக் கண்கள் அதைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்கின்றன என்பதே அவர் அறிய விரும்பிய செய்தி. கோவாவிலிருந்து புறப்பட்டு, தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்து வந்திருந்த யோசேப்பு வாஸ் என்னும் குருவானவரே அந்த இரவலர்.

சில கண்கள் அந்த மாலையை அடையாளம் கண்டுகொண்டன. அது எவ்வளவு பெரிய அதிசயம் என்பதை உணர வேண்டுமானால், அதற்கு முந்திய முப்பது ஆண்டுகளை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் தருவது மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆலயங்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்கு உரியனவாயின. சிறுவர்கள் அச்சபையின் பள்ளிகளுக்குச் சென்று அதன் போதனையையே கற்க வேண்டியிருந்தது. பிள்ளையின் பிறப்புக்கும் பெற்றோரின் திருமணத்துக்கும் சட்ட மதிப்பு வேண்டுமாயின், அதே சபையின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பகலில் பள்ளியில் ஒரு பாடம், இரவில் வீட்டில் வேறொரு பாடம் என்று வளர்ந்தது அந்தத் தலைமுறை.

1658இல் பிறந்த ஒரு குழந்தைக்கு 1687இல் வயது 29. அதற்குள் அவரே தந்தையாகவோ தாயாகவோ ஆகியிருப்பார். திருப்பலியைக் கண்டிராத அந்தக் கண்களுக்குச் செபமாலையை அறிமுகம் செய்தவர் யார்? ஊரில் நிலையாகத் தங்கிப் பணிபுரியக் குருக்கள் இல்லை. உரக்கச் செபிக்க ஆலயமும் இல்லை. எஞ்சியிருந்தது வீடு ஒன்றே. அன்னையின் மடியும் பாட்டியின் அருகிருப்புமே அவர்களுக்கு மறைக்கல்விக் கூடங்களாக இருந்திருக்க வேண்டும். எல்லாக் குடும்பங்களும் உறுதியாக நின்றன என்று சொல்வதற்கில்லை. அச்சத்தால் விலகியோரும் உண்டு. இரு சபைகளுக்கும் இடையே தடுமாறியோரும் உண்டு. ஆயினும் சில வீடுகளில் விளக்கு அணையவில்லை.

இந்த வீட்டு மரபின் வேரைத் தேடினால், எதிர்க்கரையாகிய முத்துக்குளித்துறைக்கே நாம் வந்து சேர்வோம். 1542இல் அங்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தோரின் உதவியால் முக்கிய செபங்களைத் தமிழில் அமைத்து, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியோடு தெருக்களில் நடந்து சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லித்தரும்படி அச்சிறுவர்களைப் பணித்தார். நோயாளிகள் எல்லாரையும் தாமே சந்திக்க இயலாதபோது, செபங்களை அறிந்த சிறுவர்களை அவர்களுடைய இல்லங்களுக்கு அனுப்பினார். 1544 சனவரியில் அவர் எழுதிய கடிதம் இதற்குச் சான்று பகர்கிறது. அதே ஆண்டில் மன்னார் மக்களும் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களுள் சுமார் 600 பேர் யாழ்ப்பாண மன்னரின் ஆணையால் உயிர் துறந்தனர்.

சவேரியாருக்குப் பின் இக்கரையில் நெடுங்காலம் உழைத்தவர் அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சேற்றிய தம்பிரான் வணக்கம் 16 பக்கங்கள் கொண்ட சிறு நூல். மறு ஆண்டு கொச்சியில் வெளிவந்த கிரிசித்தியானி வணக்கமோ, சிறுவர்களுக்குக் கற்பிப்பதற்காகவே வினா விடையாகப் போர்த்துக்கீசியத்தில் இயற்றப்பட்ட ஒரு நூலின் தமிழாக்கம். தமிழ் எழுத்து முதன்முதல் அச்சேறிய காலத்திலேயே அது குழந்தைகளின் ஞானப்பாடத்துக்குப் பணிசெய்தது என்பது நாம் பெருமையோடு நினைவுகூரத்தக்கது.

மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வருவோம். கண்களால் அடையாளம் கண்டவர்கள் மெல்ல வாய் திறந்தார்கள். சில்லாலை என்னும் ஊர் வாஸ் அடிகளாருக்கு அடைக்கலம் தந்தது. இரவுகளில் மக்கள் கூடினர். முப்பது ஆண்டுகளாகக் காத்திருந்த வீடுகளில் திருப்பலி நிறைவேறியது. 1711 சனவரி 16 அன்று கண்டியில் இறைவனடி சேரும்வரை அவர் அந்தத் தீவுக்காகவே உழைத்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் அவருக்கு அருளாளர் பட்டமும், திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் புனிதர் பட்டமும் கொழும்பு மாநகரில் வழங்கினர். அவர் புனிதர் என்பதில் ஐயமில்லை. எனினும் அவர் வந்து தட்டியபோது திறப்பதற்குக் கதவுகள் இருந்தன. அந்தக் கதவுகளைக் காத்து வைத்த தாய் தந்தையரின் பெயர்களை நாம் அறியோம்.

குடும்பத்தை இல்லத் திருச்சபை எனவும், பெற்றோரே பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் முதல் போதகர் எனவும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் எடுத்துரைத்தது. யாழ்ப்பாணத்து எளிய வீடுகள் அதை அதற்கு மூன்று நூற்றாண்டுகள் முன்பே வாழ்ந்து காட்டிவிட்டன.

இன்று நமக்கு ஆலயங்களுக்குக் குறைவில்லை. மறைக்கல்வி வகுப்புகளும் நடைபெறுகின்றன. அந்த நிறைவே நம்மைச் சோம்பச் செய்துவிடுகிறதோ என்னும் அச்சம் எழுகிறது. ஞாயிறன்று ஒரு மணி நேரம் பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டால் நம் கடமை முடிந்தது என எண்ணுகிறோம். மாலை வேளையில் வீட்டில் ஆளுக்கொரு கைப்பேசி ஒளிர்கிறது. செபமாலையோ சுவரில் ஆணியில் தொங்குகிறது. நம்மைத் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை. தண்டிக்கும் அரசும் இல்லை.

அந்த இரவலர் இன்று மாலை நம் வீட்டு வாசலில் வந்து நின்றால், கதவைத் திறக்கும் நம் பிள்ளையின் கண்கள் என்ன சொல்லும்?