வீரமாமுனிவர் ஊரின் வெள்ளை இரசம்

குன்னம் வட்டாரத்துக் கரிசல் நிலம் பருத்திக்கும் மக்காச்சோளத்திற்கும் சின்ன வெங்காயத்திற்கும் ஏற்றது. கோதுமையும் திராட்சைக் கொடியும் இம்மண்ணின் பயிர்கள் அல்ல. ஆயினும் இங்குள்ள கோவில்களில் திருப்பலி நிகழும்போதெல்லாம் கோதுமை அப்பமும் திராட்சை இரசமும் பீடத்தின்மேல் வைக்கப்படுகின்றன. நம் வயலில் விளையாத இவ்விரண்டும் எவ்வழியே நம்மை வந்தடைந்தன என்று எண்ணிப் பார்த்தால், வரலாறு நம்மை வட இத்தாலியின் ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்கிறது.

கார்தா என்னும் அப்பேரேரியின் தென்கரையில் லுகானா என்ற வெண்களிமண் சமவெளி உள்ளது. துர்பியானா என்னும் வெள்ளைத் திராட்சைக்கு அதுவே தாயகம். பிற இடங்களில் அப்பெயரில் அதனைக் காண்பது அரிது. நெடுங்காலம் அதனைத் திரெபியானோ என்ற பரவலான இனத்தோடு சேர்த்தே எண்ணினர். அண்மைக்கால மரபணு ஆய்வுகளோ, அது வெர்திக்கியோ என்ற இனத்திற்கே மிக நெருங்கியது எனக் காட்டியுள்ளன. சாற்றிலுள்ள சர்க்கரை ஏறத்தாழ முழுவதும் நொதித்துத் தீர்ந்துவிடுவதால் அவ்விரசத்தில் இனிப்புத் தங்குவதில்லை. 1967இல் லுகானா இரசத்திற்கு இத்தாலிய அரசு பிறப்பிடப் பெயருரிமை வழங்கியது.

அச்சமவெளிக்குத் தெற்கே சில கல் தொலைவில் உள்ளது காஸ்திலியோனே என்னும் சிற்றூர். 1568இல் புனித ஞானப்பிரகாசியார் பிறந்தது அங்கேதான். 1580இல் அவ்வூருக்கு வந்த புனித சார்லஸ் பொரோமேயு அவருக்கு முதல் திருவிருந்து வழங்கினார். சுற்றிலும் திராட்சை விளையும் நாட்டில் பிறந்தும் அச்சிறுவர் பெற்றது அப்ப வடிவில் மட்டுமே. பொதுநிலையினருக்குக் கிண்ணம் அன்று வழங்கப்படவில்லை. சரியாக நூறாண்டு கழிந்து, 1680 நவம்பர் 8ஆம் நாள், அதே ஊரில் பிறந்தவர் கொன்ஸ்தான்சோ பெஸ்கி. நம் ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் எனப் போற்றிய வீரமாமுனிவர் அவரே.

1710இல் கோவாவை அடைந்து, மறு ஆண்டு மதுரை மறைப்பணித் தளத்திற்கு வந்த அவர், தத்துவ போதகர் நொபிலி வகுத்த துறவு நெறியில் நின்றார். புலாலும் மதுவும் நீக்கிய நெறி அது. உடை, உணவு, மொழி ஆகிய அனைத்தையும் இந்நாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட அம்முனிவர்களால் மாற்ற இயலாத பொருள் ஒன்று இருந்தது. அதுவே பலிபீடத்து இரசம். பனஞ்சாறோ தென்னஞ்சாறோ அதற்கு ஈடாகாது.

இச்சிக்கல் அவர்களுக்கு முன்பே இருந்தது. மலையாளக் கரையின் தோமையார் கிறிஸ்தவர்கள் உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பயன்படுத்தி வந்தனர். 1599இல் கூடிய உதயம்பேரூர்ச் சங்கம் அதனைக் கண்டித்து, ஆண்டுதோறும் இரசம் அனுப்புமாறு போர்த்துக்கல் மன்னரை வேண்டிக்கொண்டது. இரசம் கப்பலில் வந்தது; ஆனால் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையும் அதனோடு வந்தது. பிற்காலத்தில் நம் மண்ணிலும் கொடி வேரூன்றியது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை, 1832இல் பிரெஞ்சுக் குரு ஒருவரே தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்பர்.

இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதி, இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாக உண்டானதாயும் கெடாததாயும் இருக்க வேண்டும் என்கிறது. சிறிதளவு நீரும் கலக்கப்பட வேண்டும். நிறம் பற்றி அது எதுவும் கூறவில்லை. துகில்களில் கறை படியாதிருக்க வெள்ளை இரசத்தை விரும்புவோர் பலர். நாட்டுச் சட்டமும் இதனைத் தனியே கருதியது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாநிலம் முழுவதும் பரவியது. பின்னர் 1984இல் திருப்பலி இரசத்திற்கெனத் தமிழ்நாட்டில் தனி விதிகளே வகுக்கப்பட்டன.

இங்கே ஒரு வினா எழுகிறது. பீடத்தில் இரசம் இருக்கலாமெனில் வீட்டில் மது இருந்தால் என்ன என்று நம்மவர் சிலர் கேட்கின்றனர். குடியால் கூலிப் பணத்தை இழந்த குடும்பங்களை அறிந்த நாம் இதனை நகைத்துக் கடந்துவிட இயலாது. வீரமாமுனிவரின் வாழ்வே இதற்கு விடை. திராட்சை நாட்டில் பிறந்தவர், இங்கே மதுவைத் துறந்தார். கிண்ணத்தை மட்டும் துறக்கவில்லை. முன்னது தமக்கென அருந்துவது. பின்னது பிறர்க்கென ஒப்புக்கொடுப்பது. நம் முன்னோர் கள் என்றோ மது என்றோ சொல்லாமல் இரசம் என்றே வழங்கியதில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

வேற்று நிலத்து உழவன் கொடி வளர்த்துக் கனி பறித்த உழைப்பு, நம் கரிசல் காட்டு உழவனின் வியர்வையோடு ஒரே பீடத்தில் சேர்கிறது. அக்கிண்ணத்தின்முன் நிற்கும் நாம், நம் வீட்டாரின் சோற்றுக்குரிய பணத்தை வேறொரு கிண்ணத்தில் ஊற்றாதிருப்போமாக.