ஈயம் வைத்த இணைப்பும் அதன் மேலுறையும்

இரண்டு செம்புக் கம்பிகளை முறுக்கி ஈயம் வைத்துவிட்டால் மின்சாரம் ஓடத் தொடங்கிவிடும். அந்த இடத்தை எதைக் கொண்டு மூடுவது என்பது வேறு வேலை. மூடாமல் விட்டால் பக்கத்துக் கம்பியில் உரசும், ஈரம் பட்டால் கசியும், கை பட்டால் அடிக்கும். இன்று சில ரூபாய் உறையில் முடிந்துவிடும் இந்த வேலைக்கு இந்தியாவில் ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பொழுதுபோக்காக ரேடியோ கட்டியவர்கள் கையாண்ட பொருள்களில் அனேகமாக எதுவும் அவர்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. தந்தி, மோட்டார், விமானம் என்று பெரிய தொழில்களிலிருந்து வழிந்து வந்தவையே அவை.

1839-இல் கல்கத்தாவில் தந்திச் சோதனை நடத்திய மருத்துவர் வில்லியம் ஓஷானெஸி, ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் கம்பி போட வேண்டியிருந்தபோது தார் தோய்த்த நூலையும் பிளந்த பிரம்பையுமே உறையாக்கினார். கைக்கு எட்டியவை அவைதாம். பின்னால் நாடெங்கும் கம்பங்களில் ஓடிய தந்திக் கம்பிக்கு உறையே தேவைப்படவில்லை. கம்பத்தில் பீங்கான் கிண்ணம், நடுவே வெறும் காற்று. ஒட்டுப் போட்ட இடத்திலும் ஈயம் மட்டும் போதும். மேல்நிலைக் கம்பிகளில் இந்த வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

கடலுக்கடியில் அது செல்லாது. அங்கே வென்றது மலாய்க் காடுகளின் கட்டாபெர்ச்சா மரப்பால். சிங்கப்பூரிலிருந்த மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி 1840-களில் அதை லண்டனுக்கு அறிமுகப்படுத்தினார். வெந்நீரில் இளகி, ஆறினால் இறுகும் இந்தப் பொருள் உப்புநீரில் கெடாது. 1870–71-இல் சென்னையைப் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்த கேபிளின் மேலுறை அதுதான். அந்த நாளில் ஒட்டுப் போடுபவர் தனித் திறன் கொண்ட தொழிலாளி. கம்பியைப் பற்றவைத்ததும் மரப்பாலும் தாரும் பிசினும் கலந்த பசையைப் பூசி, அதன் மேல் மரப்பால் தகட்டைச் சாராய விளக்கில் இளக்கிச் சுற்றி, ஈர விரலால் பிசைந்து காற்றுக் குமிழ் இல்லாமல் ஒட்டுவார். ஒரு குமிழ் தங்கினாலும் கேபிள் அங்கேதான் பழுதாகும். மரத்தை வெட்டித்தான் பால் எடுத்தார்கள் என்பதால், நூற்றாண்டின் இறுதிக்குள் மரமே அரிதானது.

தந்திக்குப் பின் உறை தேடிய அடுத்த தொழில் மின்சாரம்; மைசூர்ச் சீமைக்கு அது வந்தது 1902-இல். சிவனசமுத்திர அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்கு அன்று கம்பி போனது. 1905-இல் பெங்களூரிலும் 1908-இல் மைசூரிலும் விளக்கு எரிந்தது. வீட்டுக்குள் நுழைந்த கம்பிக்கு ரப்பர் உறையும் அதன் மேல் பருத்திப் பின்னலும் இருந்தன. பதப்படுத்திய ரப்பரில் உள்ள கந்தகம் செம்பைக் கறுப்பாக்கிவிடும் என்பதால் கம்பிக்கு முன்கூட்டியே வெள்ளீயம் பூசினார்கள். ஈயம் எளிதில் பிடிப்பதற்கும் அதுவே வசதியாயிற்று. இணைப்பின் மேல் முதலில் ரப்பர் நாடா, அதைக் காப்பாற்ற அதன் மேல் பிசின் தோய்ந்த கறுப்புத் துணி நாடா. இந்த வரிசையை மாற்றக் கூடாது. துணி நாடா தன்னளவில் நல்ல மின்காப்பு அல்ல, ரப்பருக்குச் சட்டை மட்டுமே.

மின்காப்புக்குப் பெயர்போன இன்னொரு பொருள் இந்தச் சீமையிலேயே விளைந்தது. ஜாலரி மரத்தில் அரக்குப் பூச்சி வளர்த்தார்கள். சென்னபட்டணத்து மரப்பொம்மைகளின் பளபளப்பு அரக்கினால் வருவது. அதே அரக்கு சாராயத்தில் கரைந்து மோட்டார் சுருள்களுக்கு வார்னிஷாகவும், அபிரகத் தகடுகளை ஒட்டும் பசையாகவும் உலகமெங்கும் போயிற்று. அரக்குக்கு மாற்றுத் தேடித்தான் அமெரிக்காவில் லியோ பேக்லண்ட் 1907-இல் பேக்லைட்டை அடைந்தார். ஆனால் அரக்கு சூட்டில் இளகும், அசைந்தால் விரிசல் விடும். ஆடும் கம்பியின் இணைப்புக்கு அது பொருந்தவில்லை.

பொழுதுபோக்கு மின்னணுவியல் தென்னிந்தியாவில் வானொலியோடு தொடங்கியது. 1924-இல் சென்னையில் ரேடியோ கிளப் ஒலிபரப்பியது. 1935-இல் மைசூர் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தம் வீட்டிலிருந்தே ஆகாசவாணி என்ற பெயரில் சிறு ஒலிபரப்பியை இயக்கினார். அந்தக் காலத்து வால்வு ரேடியோவுக்குள் நூறு வோல்ட்டுக்கு மேலும் ஓடும். இணைப்பை வெறுமனே விட முடியாது. அதற்குக் கிடைத்தது வார்னிஷ் ஊறிய பருத்திக் குழல். மோட்டார் சுருள் கட்டும் பட்டறைகளில் அதற்கு ‘எம்பயர் ஸ்லீவ்’ என்று பெயர். குழலை முதலில் கம்பியில் கோத்து ஒதுக்கிவிட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டும். மறந்தால் பற்றவைத்ததைப் பிரித்தே ஆக வேண்டும்; கற்றுக்குட்டி மட்டுமல்ல, கைதேர்ந்தவரும் மறக்கும் இடம் இது. உறைக்குள் என்ன அடைபடுகிறது என்பதும் முக்கியம். தகர வேலைக்கான அமிலத்தைத் தொட்டுப் பற்றவைத்தால், அது உறைக்குள் தங்கி மாதக் கணக்கில் செம்பைத் தின்று பச்சை பூக்கச் செய்யும். ரேடியோ வேலைக்கு ரோசின் என்ற பிசின் மட்டும்தான் என்ற விதி அதனால் வந்தது.

1960-களில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் டிரான்சிஸ்டர்களைத் தயாரிக்கத் தொடங்கியபின் சில வோல்ட் பேட்டரியே போதுமானதாயிற்று. ஆபத்து குறைந்தது, அலட்சியம் கூடியது. பி.வி.சி. டேப் எல்லா இடத்தையும் பிடித்தது. மலிவானது, வேகமானது; ஆனால் நம் வெயிலில் அதன் பசை இளகி வழியும், நுனி பிரியும், உள்ளே தூசி ஒட்டும். சிறு கம்பிகளுக்கு அது என்றுமே சரியான விடையாக இருந்ததில்லை.

சரியான விடை அணுக் கதிரியக்க ஆய்விலிருந்து வந்தது. பாலிஎத்திலீன் மீது கதிர் பாய்ச்சினால் அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணையும் என்பதை 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஆர்தர் சார்ல்ஸ்பி காட்டினார். பிணைந்த குழாயைச் சூடாக்கி, விரித்து, அப்படியே குளிரவைத்தால் அது விரிந்த நிலையில் உறையும். மீண்டும் சூடு பட்டால் பிணைப்புகள் பழைய அளவுக்கே இழுக்கும். பால் குக் 1957-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ரேகெம் நிறுவனம் இதைத் தொழிலாக்கியது. தொடக்கத்தில் வாங்கியவை விமான, ராணுவத் துறைகள். இந்தியாவில் கம்பி உறைகளுக்குக் கதிர்வழிப் பிணைப்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் எலக்ட்ரான் முடுக்கி கொண்டு செய்துகாட்டியது.

‘ஹீட் ஷ்ரிங்க்’ என்று சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூர் எஸ்.பி. சாலையிலும் மீட்டர் கணக்கில் விற்கும் குழாய் இதுதான். பெரும்பாலானவை பாதி விட்டத்துக்குச் சுருங்கும், 125 பாகை செல்சியஸ் வரை தாங்கும். உள்ளே சூட்டில் உருகும் பசை பூசிய வகை நீரையும் தடுக்கும். ஈயத்தில் கூர்முனை நீட்டியிருந்தால் சுருங்கும்போதே குத்திக் கிழியும் என்பதால் முதலில் அதை வழித்துவிட வேண்டும்; இணைப்பு சூடாக இருக்கையில் உறை அருகே இருந்தால் அங்கேயே சுருங்கிச் சிக்கிக்கொள்ளும், எனவே தள்ளியே வைக்க வேண்டும். வெப்பக்காற்றுத் துப்பாக்கி இல்லாதவர்கள் லைட்டரைக் காட்டுகிறார்கள். கருகாமல் சுழற்றினால் அதுவும் வேலை செய்யும்.