நாடா இல்லாத கேசட்

வண்டிக்குள் பாட்டு கேட்பது ஏதோ நேற்று வந்த வசதி என்று நினைக்கிறீர்களா? அதற்கு வயது நூறை நெருங்குகிறது. 1930ல் அமெரிக்காவின் பால் கால்வின் தன் ஸ்டூடிபேக்கர் காரில் ஒரு ரேடியோவை மாட்டிக்கொண்டு, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாட்டுக்குப் போனார். உள்ளே கடை போட வசதியில்லை. காரை வெளியே நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி வைத்தார். கூட்டம் கூடிவிட்டது. ஆர்டரும் கிடைத்தது. அந்தப் பெட்டிக்கு அவர் வைத்த பேர், மோட்டரோலா. பின்னாளில் செல்போனில் கொடிகட்டிப் பறந்த அதே மோட்டரோலாதான்.

நம்ம ஊருக்கு வருவோம். வள்ளூரிலிருந்து கொசஸ்தலை ஆற்றைத் தாண்டினால் எண்ணூர். லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர்போன அசோக் லேலண்ட், 1948ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் பிறந்தது. 1949ல் எண்ணூரில் அவர்கள் பூட்டி வெளியே விட்டது லாரியல்ல. ஆஸ்டின் ஏ40 என்ற இங்கிலாந்து கார்! அந்தக் காலத்துக் கார் ரேடியோ என்பது வால்வு ரேடியோ. பேட்டரி தருகிற சொற்ப வோல்ட் வால்வுக்குப் போதாது. அதை ஏற்றிக் கொடுக்க 'வைப்ரேட்டர்' என்று ஒரு சமாசாரம், பாட்டோடு சேர்ந்து தானும் ரீங்காரம் போடும். போதாக்குறைக்கு, ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேறு கட்டவேண்டும்.

1963ல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டுவந்தது. 1968ல் அது காருக்குள் ஏறியது. நமக்கு அந்தச் சாமான்களைக் கண்ணில் காட்டியது, ராயபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே, துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் பர்மா பஜார். 1962ல் பர்மாவில் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். கடை கண்ணிகளெல்லாம் அரசுடைமையாயின. பிழைப்பை இழந்து கப்பலேறி வந்த தமிழர்களுக்காக 1969ல் உருவானது அந்த பஜார். எண்பதுகளில் கேசட் கடையில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, பதிவு செய்து வாங்கி, வண்டியில் போட்டுக் கேட்ட தலைமுறைக்கு அந்த சுகம் தெரியும்.

அப்புறம் சி.டி. வந்தது. பெட்டியில் கேசட் போகும் வாய் மட்டும்தான் இருக்கிறது. சி.டி.யை எப்படி நுழைப்பது? லாரி ஷாட்ஸ் என்ற அமெரிக்க எஞ்சினீயர் ஒரு தந்திரம் செய்தார். 1988ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

கேசட் பிளேயருக்குள் ஒரு 'ஹெட்' இருக்கும். நாடாவில் பதிந்திருக்கும் காந்தத்தின் ஏற்ற இறக்கத்தை அது மின்சாரமாக மாற்றும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எதிரே இருப்பது நாடாவா, வேறெதுவுமா என்று பார்க்க அதற்குக் கண்ணா இருக்கிறது? ஷாட்ஸ், கேசட் வடிவத்தில் ஒரு டப்பா செய்து, அதற்குள் இன்னொரு ஹெட்டை வைத்தார். சி.டி. பிளேயரிலிருந்து வரும் ஒயர் அந்த ஹெட்டில் காந்த அலையை எழுப்ப, எதிரே இருக்கும் ஹெட் அதை நாடா என்றே நம்பிப் பாட ஆரம்பித்துவிட்டது! இன்று செல்போனுக்கும் அதே டப்பா பொருந்துகிறது. ப்ளூடூத்கூட கேசட் வேஷம் கட்டிக்கொண்டு கடையில் கிடைக்கிறது.

இரண்டாவது வாசல், எஃப்.எம். வண்டிக்குள்ளேயே குட்டி ஒலிபரப்பு நிலையம். சிகரெட் லைட்டர் துளையில் செருகினால், செல்போன் பாட்டை ரேடியோ அலையாக அனுப்பும். இந்தியாவிலேயே முதலில், 1977ல், எஃப்.எம். வந்தது நம்ம சென்னையில். அன்றைக்கு அலைவரிசை காலியாகக் கிடந்தது. 2003ல் தனியார் நிலையங்கள் வந்தபிறகு? பஸ்ஸில் ஜன்னல் சீட் தேடுகிற கதைதான்.

மூன்றாவது வாசல் மெக்கானிக் வெட்டுவது. பழைய பெட்டிகளில் ரேடியோவோ கேசட்டோ, எதன் ஒலியும் பலவீனமான மின்சாரமாக வால்யூம் திருகுக்கு வந்து, அங்கிருந்துதான் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும். திருகுக்கு முன்னால் ஒயரைப் பிரித்து, ஒரு சுவிட்ச் வைத்து, செல்போன் ஒயரைச் சேர்த்தால் முடிந்தது வேலை. (ஸ்பீக்கர் ஒயரில் மட்டும் செல்போனைக் கோத்துவிடாதீர்கள். போன் பரலோகம் போய்விடும்.)

கவனியுங்கள். இந்த மூன்றில் எதையும் பெட்டி செய்த கம்பெனி யோசித்து வைக்கவில்லை. ஆனாலும் புதுசு உள்ளே வந்தது. காரணம், ஸ்க்ரூவைக் கழற்றினால் பெட்டி திறந்தது. எது எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. எண்ணூர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகிற டிரைவருக்குப் பழைய பெட்டியே கடைசிவரை துணையாக இருக்க முடிந்ததற்கும் அதுதான் காரணம்.

புதுக் கார்கள் பலவற்றில் நிலைமை வேறு. பாட்டு, ஏ.சி., ரிவர்ஸ் கேமரா எல்லாம் ஒரே தொடுதிரைக்குள், சாஃப்ட்வேர் பூட்டுக்குள். பாட்டை மாற்றப்போனால் ஏ.சி. கோபித்துக்கொள்ளும். 2022ல் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி யோசிக்க ஒரு குழு அமைத்தது. அந்தப் பட்டியலில் செல்போன், விவசாயக் கருவிகளோடு மோட்டார் வண்டியும் உண்டு. உரிமை வரட்டும், நல்லது. ஆனால் அடுத்தமுறை கார் வாங்கும்போது மைலேஜ் கேட்கிற கையோடு இன்னொன்றும் கேளுங்கள்:

"பத்து வருஷம் கழித்து இந்தத் திரை பழசாகிவிட்டால், இதைத் திறக்க முடியுமா சார்?"