அளவுகோலின் சாட்சியம்: 'புறூக்ஸ்' கப்பற்படமும் அடிமை வணிக எதிர்ப்பும்

சமூக மாற்றத்திற்கு எழுத்தும் மேடைப்பேச்சும் ஆற்றிய பணியை வரலாற்று நூல்கள் விரிவாகவே கூறுகின்றன. அச்சிட்ட படத்தின் பணியோ பெரும்பாலும் ஓரிரு வரிகளுள் அடங்கிவிடுகின்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியாவில் எழுந்த அடிமை வணிக எதிர்ப்பியக்கத்தை நோக்குமிடத்து இப்புறக்கணிப்புப் பொருத்தமற்றது என்பது புலனாகும்.

1787 மே மாதத்தில் இலண்டனிற் பன்னிருவர் கூடி அடிமை வணிக ஒழிப்புக் குழுவை அமைத்தனர். அவருள் ஒன்பதின்மர் குவேக்கர் என்னுங் கிறித்தவப் பிரிவினர். அவ்வணிகம் ஆபிரிக்கக் கரைக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இடையே, பிரித்தானிய மக்களின் கண்ணுக்கெட்டாத கடலில் நிகழ்ந்தது. தேநீரிற் கலக்குஞ் சீனி எவ்வாறு விளைந்தது என்பதை அறியாதிருத்தல் அவர்களுக்கு எளிதாயிருந்தது. காணாததைக் காட்டுவதே குழுவின் முன்னிருந்த பிரச்சினையாகும்.

முதலில் இரக்கத்தின் வழி கைக்கொள்ளப்பட்டது. மட்பாண்ட உற்பத்தியாளரான யோசையா வெட்ஜ்வூட் 1787இல், சங்கிலி பூண்டு முழந்தாளிட்டு இறைஞ்சும் ஆபிரிக்கரின் உருவம் பொறித்த பதக்கங்களை வெளியிட்டார். செல்வக் குடும்பப் பெண்கள் அதனைக் கைவளையிலும் கொண்டையூசியிலும் பதித்து அணிந்தனர். பிறர் துயரம் அணிகலனாயிற்று!

1788இன் இறுதியிற் பிளிமத் நகரக் குழு வெளியிட்ட படம் வேறு வகையினது. லிவர்ப்பூலைச் சேர்ந்த 'புறூக்ஸ்' என்னும் அடிமைக் கப்பலின் கீழ்த்தளத்தை மேலிருந்து நோக்குவதாக அது அமைந்தது. 1789இல் இலண்டன் குழு நெடுக்குவெட்டு, குறுக்குவெட்டுத் தோற்றங்களையுஞ் சேர்த்து அதனை விரிவாக்கி, ஆயிரக்கணக்கில் அச்சிட்டுப் பரப்பியது. கண்ணீரோ கசையோ அப்படத்தில் இல்லை. கப்பல் கட்டுவோர் கையாளும் வரைபட முறையே அதில் உண்டு. சரக்கு இருக்கவேண்டிய இடத்தில் மனித உடல்கள் வரிசையாகக் கிடக்கின்றன.

அளவுகளும் இயக்கத்தாரின் கற்பனையல்ல. அரசு அனுப்பிய கடற்படை அதிகாரி லிவர்ப்பூலில் அளந்தெடுத்தவை. 1788இன் டொல்பன் சட்டம் இக்கப்பலுக்கு 454 பேரை அனுமதித்தது. ஆடவர் ஒருவருக்கு 6 அடி நீளமும் 1 அடி 4 அங்குல அகலமும் எனக் கொண்டாலும் அத்தொகையினரை அடைப்பது அரிது என்பதைப் படம் காட்டிற்று. சட்டத்திற்கு முன்னர் அதே கப்பல் 609 பேரை ஏற்றிச் சென்றதென்பதை உடனிருந்த உரை கூறிற்று. சீர்திருத்தப்பட்ட நிலையே இதுவாயின், முந்திய நிலையைப் பார்ப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மிகைப்படுத்தல் எனத் தட்டிக்கழிக்க வணிகருக்கு வழியிருக்கவில்லை. படத்தின் வலிமை இந்த அடக்கத்திலேயே தங்கியிருந்தது எனலாம்.

தோமஸ் கிளாக்சன் அதனைப் பாரிசுக்கும் கொண்டு சென்றார். அங்கு மிராபோ அதனைக் கொண்டு மரத்தால் மாதிரிக் கப்பலொன்றைச் செய்வித்தார். எனினும் பாராளுமன்றம் உடனே அசைந்துவிடவில்லை. 1791இல் வில்லியம் வில்பர்போர்சின் பிரேரணை 88க்கு எதிராக 163 வாக்குகளால் தோற்றது. மறு ஆண்டில் 519 மனுக்கள் குவிந்தன. வாக்குரிமையற்ற பெருந்தொகையினர் அவற்றில் ஒப்பமிட்டமை மனங்கொள்ளத்தக்கது. அதனைப் படமொன்றே சாதித்தது எனக் கூறுவது மிகையாகும். கூட்டங்களும் சீனிப் பகிஷ்கரிப்பும் உடன் இயங்கின.

இப்படத்தின் குறையையும் ஈண்டுச் சுட்டுதல் வேண்டும். அதிலுள்ள உருவங்கள் ஒன்றுபோல் ஒன்று, பெயரில்லை, பேச்சில்லை. வணிகன் கண்ட எண்ணிக்கைப் பொருளாகவே ஆபிரிக்கரை அவனது பகைவரும் வரைந்தனர். உண்மையில் அவர்கள் வாளாவிருந்தவரல்லர். அடிமை நிலையினின்று மீண்ட ஒலௌடா எக்குவியானோ, 132 பேர் வரையிற் கடலில் எறியப்பட்ட 'சொங்' கப்பற் கொடுமையை 1783இல் கிரான்வில் சார்ப்பிடம் எடுத்துரைத்தவர். படம் பரவிய அதே 1789இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். 1791இல் பிரெஞ்சுக் குடியேற்றமான சென் டொமிங்கில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1804இல் அது ஹெயிற்றி என்னுஞ் சுதந்திர நாடாயிற்று. பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது அதற்கு மூன்றாண்டுகள் பிந்தியே.