அவையில் ஓர் இடம்

அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் தம் ஆலோசனை அவையில், பத்ருப் போர் கண்ட முதியோரின் நடுவே இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களையும் அமர்த்திக்கொண்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது ஏறத்தாழப் பதின்மூன்று வயதே நிரம்பியிருந்தவர் அவர். தங்களுக்கும் அவ்வயதில் மக்கள் இருக்கின்றனரே எனச் சிலர் மனம் சுளித்தனர். கலீபா வாதாடவில்லை. ஒரு நாள் யாவரையும் அழைத்து 'நஸ்ர்' அத்தியாயத்தின் பொருளைக் கேட்டார்கள். முதியோர் சிலர் வெளிப்பொருள் கூறினர். சிலர் வாய் திறக்கவில்லை. நாயகத்தின் மறைவு நெருங்கியதை அது உணர்த்துகிறது என்றார் அவ்விளைஞர். தாமும் அவ்வாறே அறிந்திருப்பதாக உமர் (ரலி) கூறினார்கள். இதை ஓதிக்கொடுக்கும் நாம் இளைஞரின் அறிவை வியக்கிறோம். இருக்கை தந்தவரை மறந்துவிடுகிறோம்.

நம் தமிழகத்திலும் ஒரு சான்று உண்டு. 1896-இல் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்த முஹம்மது இஸ்மாயில், 1909-இல் தம் பதின்மூன்றாம் வயதில் திருநெல்வேலியில் இளம் முஸ்லிம்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். 1920-இல் ஒத்துழையாமை இயக்கத்திற்காகப் படிப்பையே துறந்தார். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காகக் குரல் கொடுத்த காயிதே மில்லத் அவர்களே இவர்.

எங்கள் ஓசூரின் நிலை வேறு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்ததிலிருந்து பல ஊர்க் குடும்பங்கள் பிழைப்புத் தேடி இங்கு வந்தவண்ணம் உள்ளன. இங்கேயே பிறந்த பையனிடம் சொந்த ஊர் கேட்டால், தந்தையின் ஊரைச் சொல்கிறான். குடியிருப்பதோ வாடகை வீடு. குடும்ப அட்டை வேறிடத்தில். தெருச் சாக்கடை எப்படித் தனதாகும்?

சட்டமும் வாசலைப் பாதிதான் திறந்திருக்கிறது. 1989-இல் 61-ஆம் திருத்தம் வாக்குரிமை வயதை 21-இலிருந்து 18 ஆக்கியது. நம் கிராம சபையிலோ வாக்காளர் பட்டியலில் உள்ளோரே உறுப்பினர். அத்திப்பள்ளியை எட்டினாலே கர்நாடகம். அங்கே குந்தாப்புரம் வட்டாரத்தில் 1995-இல் சிறுவர் பஞ்சாயத்துகள் முளைத்தன. 2006-இல் அம்மாநில அரசு, சிறுவர் கிராம சபை எங்கும் கூட வேண்டுமென ஆணையிட்டது. சிறார் ஊர்க்குறை சொல்ல, பஞ்சாயத்தார் விடை கூற வேண்டும். எல்லா ஊரிலும் அது செவ்வனே நடக்கிறதென்று சொல்ல வரவில்லை. கேட்பதற்கு ஓர் இடமாவது உண்டு.

ஒரு மஹல்லாக் கூட்டம் நினைவுக்கு வருகிறது. மத்ரஸாத் தெருவில் தேங்கும் கழிவுநீர் பற்றிய பேச்சு. பாய் விரித்ததும் தேநீர் கொடுத்ததும் பையன்களே. பதினாறு வயது மாணவன் ஒருவன் எழுந்து, நகராட்சிக்கு மனு எழுதிக் கொடுத்தாயிற்றா என்று கேட்டான். முதலில் பரீட்சையில் தேறு என்றார் ஒரு பெரியவர். அவை சிரித்தது. நானும் அங்கிருந்தேன், வாய் திறக்கவில்லை. மனு அன்றுவரை எவராலும் எழுதப்படவில்லை என்பது பிறகு தெரிந்தது.

அடுத்த கூட்டத்திற்கு அவன் வரவில்லை. சில மாதங்கள் கழித்து அவனை அழைக்க வீட்டிற்கே சென்றேன். வீட்டில் புதிய குடித்தனம் இருந்தது. அவர்கள் எங்கே போயினர் என்று கேட்டேன். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.