கிடாருக்குள்ள ஒரு ரேடியோ கண்டன்சர்

ஃபேன் மெதுவா சுத்துனா எலெக்ட்ரீஷியன் வந்து முதல்ல என்ன சொல்வார்? "கண்டன்சர் போயிடுச்சு சார், மாத்திடலாம்". அதே குடும்பத்துப் பொருளுக்கு எலெக்ட்ரிக் கிடார்காரங்க மத்தியில பயங்கர மவுசு. அதுவும் பழசா இருக்கணும். பழசு கிடைக்கலைன்னா, பழசு மாதிரியே செஞ்ச புதுசாவது வேணும். இந்தக் கூத்து எங்க ஆரம்பிச்சதுங்கறதுதான் இன்னிக்குப் பதிவு.

போன மாசம் நண்பர் ஒருத்தர் குடிகாட்டுல எங்க வீட்டுக்குக் கிடாரைத் தூக்கிக்கிட்டு வந்தார். "மாப்ள, டோன் பத்தலை. உள்ள இருக்கறதைப் புடுங்கிட்டு இதை சால்டர் பண்ணிக் குடு"ன்னு சட்டைப்பையில இருந்து பழைய ரேடியோ கண்டன்சர் ஒண்ணை எடுத்தார். முனையில எண்ணெய்ப் பிசுக்கு. எனக்கு அங்கேயே திக்குன்னு ஆச்சு. காரணத்தைக் கடைசியில சொல்றேன்.

முதல்ல இது என்ன வேலை பார்க்குது? கிடார் பிக்கப்ல இருந்து வர்ற சிக்னலில் கீச்சு ஒலிகளுக்கு மட்டும் கண்டன்சர் சுலபமா வழி விடும். அவை ஆம்ப்ளிஃபயருக்குப் போகாம எர்த்துக்குப் போயிடும். எவ்வளவு போகலாம்னு தீர்மானிக்கறது டோன் குமிழ். குமிழை முழுசாத் திறந்து வெச்சா கண்டன்சருக்குக் குறுக்கே 250 அல்லது 500 கிலோ ஓம் தடை நிக்கும். அந்த நிலையில அதோட பங்கு ரொம்பக் கம்மி. குறைக்கக் குறைக்கத்தான் அது பேசவே ஆரம்பிக்கும்.

இப்ப வரலாறு. 1950களின் பின்பாதியில் அமெரிக்காவின் கிப்சன் கம்பெனி தன்னோட லெஸ் பால் கிடார்களில் ஸ்ப்ரேக் கம்பெனியின் கண்டன்சரைப் போட்டது. கருப்பு உடம்பு, கலர் கலரா வளையம். அதனால 'பம்பிள்பீ'ன்னு பேர், அதாவது கருவண்டு. சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சுன்னு வரிசையாப் படிச்சா 22, அப்புறம் மூணு சைபர். 22,000 பிக்கோ ஃபாரட், அதாவது 0.022 மைக்ரோ ஃபாரட். அது தாங்கற மின்னழுத்தம் 400 வோல்ட்!

கொஞ்சம் யோசிங்க. கிடார் பிக்கப்ல வர்றது பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் கீழ. அதுக்கு எதுக்கு 400? ஏன்னா அது கிடாருக்காகப் பொறந்த பொருளே இல்லை. வால்வு ரேடியோவுக்காகச் செஞ்சது. அந்தக் காலத்துல மார்க்கெட்டுல மலிவா, மூட்டை மூட்டையாக் கிடைச்சது அதுதான். கிடார் கம்பெனியும் அதையே வாங்கிப் போட்டது. ஃபெண்டர் கம்பெனியும் 50களில் மெழுகுக் காகித வகையைப் போட்டுட்டு, 60களில் பீங்கான் வில்லைக்கு மாறினது. அந்தந்தக் காலத்துல எது கிடைச்சதோ அது.

அப்புறம் 1958-60 லெஸ் பால்கள் பொக்கிஷம் ஆயிடுச்சு. கூடவே உள்ள இருந்த கருவண்டுக்கும் தெய்வாம்சம் வந்துடுச்சு. அதே நிறம், அதே வளையம் போட்ட நகல்கள் வந்தன. சில நகல்களை அறுத்துப் பார்த்தவங்க, உள்ள சாதாரண பிளாஸ்டிக் ஃபிலிம் கண்டன்சர் இருந்ததைக் கண்டாங்க. கூடு மட்டும்தான் பழசு!

நம்ம ஊர்ல கதை நேர் எதிர். இலங்கை வானொலி கேட்ட வால்வு ரேடியோ கரகரன்னா, திருப்பாப்புலியூர் ரேடியோ மெக்கானிக் முதல்ல சந்தேகப்படறது காகித கண்டன்சரைத்தான். வருஷம் போகப் போக ஈரம் ஏறி, மதிப்பு மாறி, டி.சி. கசியும். கசிஞ்சா அவுட்புட் வால்வே காலி. அதனால வெட்டி எறிஞ்சுட்டுப் புதுசு போடுவார். அவர் குப்பையில போட்டதைத்தான் கிடார்காரர் இன்னிக்குக் காசு கொடுத்துத் தேடறார்.

சென்னை ரெக்கார்டிங் தியேட்டர்களில் இளையராஜாவுக்கு சதானந்தமும் சந்திரசேகரும் கிடார் வாசிச்சாங்க, சசிதரன் பேஸ் வாசிச்சார். அவங்க கிடாருக்குள்ள என்ன கண்டன்சர் இருந்ததுன்னு நம்மில் யாராவது கேட்டிருக்கோமா? விரலைத்தான கேட்டோம்!

சரி, எனக்கு ஏன் திக்குன்னு ஆச்சு? அந்தக் கால எண்ணெய் கண்டன்சர்கள் பலவற்றுல பி.சி.பி.ன்னு ஒரு ரசாயனம் உண்டு. பாலிகுளோரினேட்டட் பைஃபினைல். தீப்பிடிக்காது, கெட்டுப்போகாது. அந்தக் கெட்டுப்போகாத குணமே வில்லங்கம். மண்ணுலயும் உடம்புக் கொழுப்புலயும் அப்படியே தங்கிடும். புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. அமெரிக்கா 1979ல் தயாரிப்பைத் தடை பண்ணினது. 2001 ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துல ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்ந்தது. இந்தியா 2016ல் தனி ஆணையே போட்டது. எல்லாப் பழைய கண்டன்சரிலும் அது இருக்காது. ஆனா கசியறதுல இருக்கா இல்லையான்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. அதுமேல சூடான சால்டரிங் அயர்னை வெச்சா வர்ற புகை நேரா மூக்குக்கு.

கடலூர் சிப்காட்டை ஒட்டி வாழற குடிகாட்டு ஆளுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ராத்திரி காத்து திரும்பினா ஜன்னலைச் சாத்தற ஊர் எங்களது. 2004லயே இந்தப் பக்கத்து கிராமத்து ஜனங்க வாளியில காத்தைப் பிடிச்சு சோதனைக்கு அனுப்பினாங்க. கம்பெனி வாசனையே போதும், இதுல கிடாருக்குள்ள வேற எதுக்கு?

நண்பரோட கண்டன்சரை பிளாஸ்டிக் பையில கட்டி ஓரமா வெச்சேன். '223'ன்னு எழுதின பச்சை நிற பாலியெஸ்டர் கண்டன்சரைப் போட்டேன். அதே 0.022 தான். விலை ரெண்டு டீக்கு வராது. டோனை மாத்தணும்னா 0.047 போட்டுப் பாருங்க, இன்னும் இருட்டான சத்தம் வரும். காதுக்குத் தெரியற வித்தியாசம் மதிப்புல இருக்கு. எண்ணெயிலயும் வளையத்துலயும் இல்லை.

நண்பர் டோன் குமிழை முழுசாக் குறைச்சு, மெதுவா ஏத்தி, ரெண்டு நிமிஷம் வாசிச்சார். "ஆஹா, அந்தக் காலத்து சவுண்டு வந்துடுச்சு மாப்ள"ன்னார்.

உள்ள என்ன போட்டேன்னு அதுக்கப்புறம்தான் சொன்னேன் :-)